கொற்கைக்குப் போனோம், பாதி வழி காரில்!

எங்கள் அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் அத்தை என்றுதான் கூப்பிடுவோம்) 78 வயதாகிறது. காசிக்குப் போய் வந்தாயிற்று. திருப்பதி நான்கு தடவை ஆயிற்று. ஆனால் வீட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஓர் ஊருக்கு மட்டும் அவர்களை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த ஊர்தான் கொற்கை.

"எங்க அம்ம பொறந்த ஊரு மாறமங்கலம். அங்கன லீவுக்குப் போனா, பக்கத்துல கொற்கைக்கு ஓடிப்போயி அந்த வன்னி மரத்தைச் சுத்திச் சுத்தி வெளையாடுவோம். கண்ணு தெரியும்போதே அதை ஒரு தடவை பாத்துப்புடணும்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். சென்ற தை மாதம் கண் டாக்டரிடம் போனபோது, வலது கண்ணில் நரம்பே பழுதாகிவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் பிரயோஜனம் இல்லை, இடது கண்ணையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் காலண்டரைப் பார்த்தார். மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

எங்களிடம் இருப்பது வெள்ளை நிற மாருதி 800. என் மாமனார் 1998-ல் வாங்கிய வண்டி. இந்த வண்டியைச் செய்வதையே 2014-ல் கம்பெனி நிறுத்திவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிப் பதிவைப் புதுப்பித்து வருகிறோம். "இதை வித்துட்டு ஏதாவது புதுசா வாங்கலாமே" என்று யாராவது சொன்னால் என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிடும். மாமா இறந்து ஒன்பது வருஷமாகிறது. டாஷ்போர்டுக்குள் அவர் கையால் பெட்ரோல் கணக்கு எழுதிய சின்ன டைரி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆக, அந்த வண்டியைப் பற்றிக் குறை சொல்வது எங்கள் வீட்டில் லேசான காரியம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

போவதற்கு மூன்று வாரம் முன்பு, முன்பக்கம் இடது சக்கரத்தில் 'பேரிங்' போய்விட்டது என்று ஒரு பட்டறையில் விட்டு மாற்றினார். மாற்றி வந்த இரண்டாம் நாளே எனக்கு ஒரு சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே 'டக்'. ஓடும்போது 'ஊ...ம்' என்று அடித்தொண்டையில் ஒரு முனகல்.

"ஏங்க, ஏதோ சத்தம் வருதே?"

"புது பேரிங். செட்டாகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்."

மறுபடி ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். "நீ உன் கிரைண்டர் சத்தத்தைக் கேளு. வண்டியை நான் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சுருக்கென்றுதான் இருந்தது. ஏன் கேட்கக்கூடாது? மிக்ஸி புஷ் தேய்ந்தால் யாருக்கு முதலில் தெரிகிறது? மின்விசிறி பேரிங் போனால், தையல் மிஷினில் எண்ணெய் வற்றினால், குக்கர் விசிலில் ஆவி கசிந்தால், அடுத்த அறையிலிருந்தே நமக்குத் தெரிந்துவிடுகிறதே! சத்தத்தைக் கேட்டே இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் நாம். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். நான், அவர், அத்தை, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள். இட்லியை மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவி வாழை இலையில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டேன். மத்தியானத்துக்குப் புளியோதரையும் கடலைத் துவையலும். இரண்டு கூஜா வெந்நீர். (கொற்கையில் ஓட்டல் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. போகிறவர்கள் ஏரலிலேயே வயிற்றுக்கு வழி செய்துகொள்வது நல்லது.)

பாளையங்கோட்டை தாண்டி, கிருஷ்ணாபுரம் வழியாகத் திருச்செந்தூர் சாலையில் போனோம். சாலை நன்றாக இருந்தது. ஆனால் சாலை நன்றாக இருந்தால் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கிறது! ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே போனால் முனகல் பெரிதாகிறது. வேகம் குறைந்தால் அடங்குகிறது. செய்துங்கநல்லூர் பக்கம் ஒரு வளைவு. வண்டி வலது பக்கம் திரும்பியதும் முனகல் ஓங்கியது. இடது பக்கம் திரும்பும்போது காணாமல் போயிற்று. மூன்று வளைவிலும் அப்படியே. நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தேன்.

என் மகள் பின் சீட்டில் செல்போனில் தேடிப் பார்த்து மெல்ல என் காதில் சொன்னாள்: "அம்மா, வலது பக்கம் திரும்பும்போது வண்டி பாரம் இடது சக்கரத்துலதான் விழுமாம். அப்ப சத்தம் கூடுச்சுன்னா இடது சக்கர பேரிங்தானாம்."

ஆதிச்சநல்லூரில் இறங்கவில்லை. 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் தோண்டிப் பார்த்த பரம்பு அது. அப்புறம் அலெக்ஸாண்டர் ரீ என்கிற வெள்ளைக்காரர் 1899-லிருந்து சில வருஷம் தோண்டித் தாழிகளையும், இரும்புச் சாமான்களையும், தங்கப் பட்டங்களையும் எடுத்தார். தோண்டிய குழியைக் கண்ணாடி போட்டு மூடி, மேலே நின்று பார்க்கிற மாதிரி 2023-ல் அமைத்திருக்கிறார்கள். அதற்கென்றே ஒரு நாள் வரவேண்டும். அன்றைக்கு என் காது முழுக்க இடது சக்கரத்தில் இருந்தது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். தாமிரபரணியில் கடைசி அணை இதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. அணையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. வயல்களில் பிசான அறுப்பு ஆரம்பித்திருந்தது. எல்லாரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் வண்டியைச் சுற்றி வந்தேன். வலது முன் சக்கரத்தின் நடுப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனேன். லேசான வெதுவெதுப்பு. இடது சக்கரத்தில், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரிதான் கையை நீட்டினேன். நல்ல வேளை, தொடவில்லை. அப்படி ஒரு சூடு!

"ஏங்க, இங்க வந்து பாருங்க" என்றேன்.

அவர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "பிரேக் போட்டு வந்திருக்கோம்லா, சூடாத்தான் இருக்கும்" என்றார்.

"ரெண்டு பக்கமும்தானே பிரேக் இருக்கு? அது ஏன் ஒரு பக்கம் மட்டும் கொதிக்குது?"

பதில் இல்லை. "இன்னும் இருபது கிலோமீட்டர்தான். மெதுவா போயிருவோம்" என்று சாவியைத் திருப்பினார். 'டக்!'

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரலுக்கு வடகரைச் சாலை. அந்த வழியில் நவதிருப்பதிகளில் நான்கைந்து இருக்கின்றன. நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம் என்று ஒவ்வொரு கோபுரமாகத் தெரியும். அத்தை ஒவ்வொரு கோபுரத்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நானும் போட்டுக்கொண்டேன், வேறு காரணத்துக்காக.

ஏரல் கடைத்தெருவில் வண்டி நின்றதும் நான் இறங்கிவிட்டேன். இறங்கியவள் திரும்ப ஏறவில்லை.

"என்ன?"

"அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பாக்காம நான் இந்த வண்டியில ஏற மாட்டேன். பிள்ளையையும் ஏத்த மாட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நடுத்தெருவில் நின்று அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு வாரத்துக்கு முந்திதான் ரூபாயைக் கொட்டி மாத்தியிருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் நகரவில்லை. அப்போது காருக்குள்ளிருந்து அத்தை குரல் கொடுத்தார்கள்.

"ஏல, உங்க தாத்தா வில்வண்டி கட்டித் திருச்செந்தூருக்குப் போகும்போது, வழி நெடுக நிறுத்தி நிறுத்திக் கடையாணியைத் தொட்டுப் பாப்பாவ. உங்க ஆச்சி 'சத்தம் கேக்கு'ன்னு சொல்லிட்டா உடனே இறங்கிருவாவ. நீ என்னல பெரிய இவன்? அவ சொல்லுதால்லா, இறங்கிப் பாரேன்."

கடையாணி தெரியும் அல்லவா? மாட்டுவண்டி அச்சின் முனையில், சக்கரம் கழன்று ஓடாமல் செருகுகிற ஆணி. விரல் நீளம்தான் இருக்கும். அது விழுந்தால் வண்டி குடை சாய வேண்டியதுதான். அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த மசகு போடுவார்களாம். கீச்சென்று சத்தம் வந்தால் மசகு வற்றிவிட்டது, லொடலொட என்றால் கடையாணியைப் பார்க்கவேண்டும். இதெல்லாம் அத்தை பிற்பாடு சொன்னது.

பக்கத்துச் சந்தில் ஒரு பட்டறை இருந்தது. மெக்கானிக் தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெல் அறுப்பு எந்திரம் ஒன்றின் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தார். பட்டறைச் சுவரில் என் தோளுக்கு மேலே ஒரு சிவப்புப் பெயிண்டுக் கோடு. "அது என்ன தம்பி?" என்றேன். "2023 டிசம்பர் வெள்ளம்க்கா. தண்ணி அதுவரைக்கும் நின்னுச்சு" என்றார். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான ஜனங்களுடன் நின்றுபோயிற்று. ஏரல் பாலத்துக்குப் போகிற சாலை அறுத்துக்கொண்டு போய், ஊரே தனித்தீவாக நின்றது. அந்தத் தம்பியின் சாமான்களும் போனதுதான். "ஸ்பேனர் முதக்கொண்டு எல்லாம் புதுசா வாங்கினதுக்கா" என்றார்.

ஜாக்கி வைத்து இடது பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டினார். 'லொட், லொட்' என்று ஆடியது. "அண்ணாச்சி, உள்ள உக்காந்து பிரேக்கை மிதிங்க" என்றார். மிதித்தபின் ஆட்டினால் ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிட்டது. "அப்ப இது ஸ்டியரிங் ஜாயின்ட் இல்ல. பேரிங்தான்" என்றார். பிரேக்கை மிதித்தால் சக்கரத்தையும் உள்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஆட்டம் நின்றால் கோளாறு நடுவிலே பேரிங்கில் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு எளிய சோதனை பாருங்கள்! சக்கரத்தைக் கையால் சுழற்றினார். நல்ல சக்கரம் சத்தமில்லாமல் சுழல வேண்டுமாம். இது, நாள்பட்ட ரவையைச் சல்லடையில் அரிக்கிற மாதிரி 'கரகர' என்றது.

சக்கரத்தை எடுத்துவிட்டு நடுவில் இருந்த பெரிய நட்டைப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த நட்டு, கோட்டை மதில் மாதிரி பல் பல்லாக வெட்டு உள்ளது. அந்த வெட்டு வழியாக, அச்சில் உள்ள ஓட்டையில் 'ஸ்பிளிட் பின்' என்கிற இரட்டைக் கம்பி ஊசியைச் செருகி, முனையை இரு பக்கமும் மடக்கிவிட வேண்டும். இந்தக் காலத்துக் கடையாணி! அந்த இடத்தில் ஊசியே இல்லை. கரண்டு வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பி ஒன்றைச் செருகி முறுக்கியிருந்தார்கள். அதுவும் அறுந்து பாதிதான் இருந்தது. தம்பி கம்பியைத் தட்டிவிட்டு, ஸ்பேனரை எடுக்காமல் வெறும் கையால் நட்டைத் திருகினார். திரும்பியது. ஒரு முழுச் சுற்று.

என் கணவர் பட்டறை வாசலில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல போயிருந்தா என்ன ஆகும் தம்பி?" என்று நான்தான் கேட்டேன்.

"எத்தனை கிலோமீட்டர்ல போகும்னு சொல்ல முடியாதுக்கா. நட்டு முழுசா கழண்டா சக்கரம் நிலைக்காது. நாலு வழிச் சாலையில போகும்போது ஆச்சுன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். திரும்பும்போது தூத்துக்குடிக்குப் போய் நாலு வழிச் சாலையில் வருவதாகத்தான் எங்கள் திட்டம். அந்தச் சாலையில் கொஞ்ச தூரம் மகளை ஓட்டவிடுவதாக அவர் வாக்கும் கொடுத்திருந்தார். லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு.

நட்டை இறுக்கிவிட்டால் சரியாகிவிடாதா என்று அவர் மெதுவாகக் கேட்டார். தம்பி பழைய பேரிங் ஒன்றைக் கொண்டுவந்து காட்டி எங்களுக்கு விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பெரிய வளையலுக்குள் சின்ன வளையல், இரண்டுக்கும் நடுவே சுண்டைக்காய் அளவில் எஃகுக் குண்டுகள், உருளுவதற்குக் கிரீஸ். நடு நட்டை அழுத்தமாக முறுக்கினால்தான் உள் வளையல் அசையாமல் உட்காரும். தளர்ந்தால் உள் வளையல் தாறுமாறாக அசைந்து, குண்டும் அது ஓடுகிற தடமும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அரித்த பிறகு நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் குறையுமே தவிர அரிப்பு போகாது. புத்தம் புது பேரிங் மூன்றே வாரத்தில் பாழானது அப்படித்தான்.

பேரிங் தூத்துக்குடியிலிருந்து வரவேண்டும். பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி போன் செய்தார். "நாலு மணி ஆயிரும் அண்ணாச்சி. நீங்க அதுக்குள்ள கொற்கையைப் பாத்துட்டு வந்திருங்க." அவரே ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். ஆக, கடலுக்கு அப்பாலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிய துறைமுகத்துக்கு நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கினோம்.

ஏரலிலிருந்து கிழக்கே ஐந்து கிலோமீட்டர் இருக்கலாம். இரு புறமும் வாழை, வாழை, வாழை. நடுநடுவே அகத்திக் கொழுந்து நிழலில் வெற்றிலைக் கொடிக்கால். (இதற்குச் சற்றுத் தெற்கே உள்ள ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். காரம் சுருக்கென்று ஏறுகிறது.) பிறகு ஒரு பெரிய குளம். குளத்தைத் தாண்டினால் சில தெருக்கள். அவ்வளவுதான் ஊர்.

"துறைமுகம் எங்கம்மா?" என்றாள் மகள். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். கடல் இப்போது ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அந்தக் காலத்தில் தாமிரபரணி கடலில் விழுந்த இடம் இதுதான். ஆறு சுமந்து வந்த வண்டலைக் கொட்டிக் கொட்டி, கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயிற்று. கப்பல் வர முடியாமல் போனதும் வியாபாரம் பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ 13-ம் நூற்றாண்டில் வந்து இறங்கிப் புகழ்ந்த 'காயல்' அது. அதுவும் தூர்ந்து, பிற்பாடு தூத்துக்குடி தலையெடுத்தது. இன்றைக்கு ஆறு கடலில் கலப்பது புன்னைக்காயல் பக்கம்.

ஆனால் ஒரு காலத்தில் இந்தத் தெருக்கள் இருந்த இடம்தான் பாண்டியர்களின் முத்துக் களஞ்சியம். முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த வழிகாட்டிப் புத்தகத்தில் 'கொல்கோய்' என்று இந்த ஊர்ப் பெயர் இருக்கிறது. தண்டனை பெற்ற கைதிகளை இறக்கித்தான் முத்துக்குளித்தார்களாம். படித்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. நாம் காதில் ஆசையாகப் போட்டுக்கொள்கிற முத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை. அடுத்த நூற்றாண்டில் தாலமி என்ற அறிஞரும் இந்த ஊரைக் குறித்திருக்கிறார். தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கோவலனைக் கொன்ற சிலம்பு வழக்கில், பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைத்துப் பார்த்த பிறகுதான் ராஜாவுக்கு உண்மை தெரிந்தது. அதை நான் ஆட்டோவில் வாய்விட்டுச் சொன்னபோது என் கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சத்தியமாக நான் சக்கரத்தை மனசில் வைத்துச் சொல்லவில்லை!

கண்ணகிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு. மதுரை எரிந்தபோது கொற்கையில் இருந்த இளவரசன் வெற்றிவேற் செழியன் கண்ணகியின் கோபத்தைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இங்கே இருக்கிற வெற்றிவேலம்மன் கோயிலைக் கண்ணகி கோயில் என்றுதான் ஊரார் சொல்கிறார்கள். சின்னக் கோயில்தான். கும்பிட்டுவிட்டு வந்தோம். நாணயம் அடித்த இடம் என்பதால் 'அக்கசாலை' என்ற பெயர் ஒட்டிக்கொண்ட கோயில் ஒன்றும் உண்டு. நாங்கள் போனபோது மத்தியானமாகிவிட்டதால் பூட்டியிருந்தது. வெளியிலிருந்தே பிள்ளையாருக்கு ஒரு குட்டு. கோயில்களைத் திறந்திருக்கும்போது பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். (காரையும் முந்தின வாரமே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.)

வன்னி மரத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரில் சொல்கிறார்கள். மரத்தைப் பார்த்தால் மறுத்துப் பேச மனம் வராது. அடிமரம் முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி மாதிரி வளைந்து கிடக்கிறது. ஆனால் மேலே பொடிப்பொடியாகப் பச்சை இலை, நேற்று முளைத்த மாதிரி. ஆட்டோவிலிருந்து இறங்கிய அத்தை கையை நெற்றிக்கு மேலே குடைபிடித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"தெரியுதா அத்தை?" என்றேன்.

"என்னமோ பச்சையாத் தெரியுது. கிட்டக் கூட்டிட்டுப் போ."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். அடிமரத்தில் கையை வைத்தார்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே சுற்றினார்கள். ஒரு இடத்தில் கை நின்றது. "இந்தக் குழிதான். இதுல காலை வச்சுதான் ஏறுவோம். எங்க மாமா பாத்துட்டா கம்பை எடுத்துட்டு வருவாவ." என் மகள் உடனே அந்தக் குழியில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

அப்புறம் அத்தைக்குப் பேச்சு வந்துவிட்டது. வயலில் கிணறு வெட்டினால் மண்ணோடு சங்கும் சிப்பியும் வருமாம். பிள்ளைகள் பொறுக்கி வைத்துக்கொண்டு கடை விளையாடுவார்களாம். "இங்க கடலே இல்லையே, சங்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, ராசா காலத்துலன்னு சொல்லி வெரட்டிருவாவ" என்றார்கள். பாதிரியார் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்து, இதுதான் பழைய கொற்கை என்று 1881-ல் வெளியான தம்முடைய திருநெல்வேலிச் சரித்திரப் புத்தகத்தில் எழுதினார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968, 69-ல் தோண்டியபோது உறைகிணறும், செங்கல் கட்டிடமும், தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. அங்கே கிடைத்த ஒரு கரித்துண்டைச் சோதித்ததில் கி.மு. 785 என்று வந்ததாம். 2021-ல் மறுபடி தோண்டினார்கள். தண்ணீரை வடிகட்டுகிற மாதிரி துளை போட்ட சுடுமண் குழாய் கிடைத்தது. கி.மு.விலேயே வடிகட்டியா! நம் வீட்டில் வடிகட்டி வந்து எத்தனை வருஷமாகிறது?

தோண்டிய குழிகளை மண் போட்டு மூடிவிட்டார்கள். மேலே ஆடு மேய்கிறது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறத்தான் வேண்டும். காலடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு மணி நேரம் போதவில்லை. மர நிழலில் சேலையை விரித்துப் புளியோதரையைச் சாப்பிட்டோம். ஆட்டோக்காரருக்கும் ஒரு இலை. அத்தை என்றைக்கும் இல்லாமல் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நாலரை மணிக்கு ஏரல் திரும்பினோம். புது பேரிங் உள்ளே போயிருந்தது. முக்கியமான வேலையை எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார் தம்பி. சக்கரத்தைத் தரையில் இறக்கி, என் கணவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, நீளமான ஒரு ஸ்பேனரால் நடு நட்டை முறுக்கினார். அளவு வந்ததும் அது 'டிக்' என்கிறது. டார்க் ரெஞ்ச் என்று பெயராம். "கைப்பழக்கத்துல 'போதும்'னு விடக்கூடாது அண்ணாச்சி. கம்பெனி கொடுத்திருக்க அளவுக்கு முறுக்கணும். வெட்டும் ஓட்டையும் நேராகலைன்னா இன்னும் கொஞ்சம் முறுக்கி நேராக்கலாம். பின்னால தளர்த்தி நேராக்கக் கூடாது." அப்புறம் புது ஸ்பிளிட் பின்னைச் செருகி முனையை மடக்கினார். பழைய பின்னைத் திரும்பப் போடக்கூடாது என்றும் சொன்னார். விலை கேட்டேன். அந்த ஊசியின் விலை ஒரு காப்பிக்கும் குறைவு.

சகோதரிகளே, பட்டறையிலிருந்து சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி வந்தால் நீங்களும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். நடு மூடியை எடுத்தால் நட்டும் ஊசியும் கண்ணுக்கே தெரியும். எல்லா வண்டியிலும் ஊசி இருக்காது. சிலதில் நட்டின் விளிம்பைத் தட்டி மடக்கியிருப்பார்கள். எதுவானாலும் செம்புக் கம்பி இருந்தால் மட்டும் விடாதீர்கள். வேகத்தோடு கூடுகிற முனகல், வளைவில் மாறுகிற சத்தம், கிளம்பும்போது 'டக்', ஒரு சக்கரம் மட்டும் சூடு என்று இதில் எது இருந்தாலும் வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். சூட்டைப் பார்க்கும்போது மட்டும் தொட்டுவிடாதீர்கள், கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும்.

என் கணவர் காசைக் கொடுத்துவிட்டு, அந்த அறுந்த செம்புக் கம்பியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் டாஷ்போர்டில், மாமாவின் டைரிக்குள் அதைப் பார்த்தேன்.

தூத்துக்குடி வழியை விட்டுவிட்டு, வந்த வழியிலேயே திரும்பினோம். எப்போதும் வண்டியில் ஏறியதும் பாட்டுப் போடுகிறவர் அன்றைக்குப் போடவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுக்கொண்டார். பெருங்குளம் தாண்டி ஒரு வலது வளைவு வந்தது.

"கேக்குதா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

இன்னொரு வளைவு. "இப்ப?"

"இல்லைங்க."

அடுத்த வளைவில் அவர் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏல, அவ காதை அவ பாத்துக்கிடுவா. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."